பன்னிரண்டு கோரும் ஒரு பழைய ஸ்பீக்கரும்

ஆகஸ்ட் 7

மீன் சந்தையில் இன்று ஐந்து தராசுகளுக்கு முத்திரை மறுத்தேன். ஒருவன் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்தான். கேட்டதற்கு, என்னை அக்காவாக்கி, "சத்தியமா எனக்குத் தெரியாது தீதி, வாங்கும்போதே இருந்திருக்கும்" என்றான். எல்லாருக்கும் வாங்கும்போதே இருந்துவிடுகிறது. எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தம்பி டோட்டனின் வீடியோ கேம் கன்சோல் மூன்று நாளாக அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. வியாழக்கிழமை மழையில் கீழறைக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. மெத்தையைத் தூக்கினோம், அலமாரிச் சாமானைத் தூக்கினோம். கன்சோலை மறந்துவிட்டோம். அதன் ஸ்பீக்கரும் தரையில்தான் இருந்தது.

அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். நாளை அந்த அரிசியைத்தான் சோறாக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

செத்துவிட்டது. விளக்குகூட எரியவில்லை.

ஆகஸ்ட் 10

பார்வை போய்ப் பதினோரு வருஷமான தம்பி சண்டை விளையாட்டு ஆடுகிறான் என்றால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு காலடிச் சத்தம் உண்டு. உதைக்குக் காலை ஓங்கினால் ஒரு சத்தம், குத்துக்குக் கை எடுத்தால் வேறொன்று. எதிராளி இடப்பக்கம் நின்றால் இடது காதில் கேட்கும். இவ்வளவும் டோட்டனுக்கு மனப்பாடம். பகல் முழுக்க கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போனில் ஊராரின் வசவுகளைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வந்து இரண்டு பேரை உதைத்தால்தான் அவனுக்குத் தேநீர் இறங்கும்.

எங்கள் பேட்டையின் பாடா கிளப்பில் வருஷா வருஷம் அம்மன் பூஜைக்கு முன்னால் நடக்கும் போட்டியில் இரண்டு வருஷமாக அவன்தான் முதல். இரண்டு தடவையும் இறுதி ஆட்டத்தில் தோற்றவன் எதிர்வீட்டு லால்ட்டு.

இன்று டீக்கடையில், டோட்டனை அண்ணன் முறையில் 'தா' போட்டுக் கூப்பிடும் லால்ட்டு சொன்னானாம்: "கன்சோல் போனது நல்லதாப் போச்சு, இந்த வருஷம் நிம்மதியா ஆடலாம். ரெண்டு வருஷமா டோட்டன்தாவுக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து எனக்கே ஆட்டம் மறந்துபோச்சு. பாவம், கண்ணில்லாத மனுஷன்."

சொன்னவனுக்குத் தெரியாது, இரண்டடி தள்ளி டோட்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "தீதி, நீ ரெண்டு ஆட்டத்தையும் பாத்தியே. நிஜமாவே விட்டுக்கொடுத்தானா?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த விளையாட்டில் யார் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. தெரியாது என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாமோ?

ஆகஸ்ட் 11

கன்சோல் வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த மாடல் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷம். பழையது கிடைத்தாலும் பாதி உயிரோடுதான் கிடைக்கும் என்கிறான். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம்: கம்ப்யூட்டரை அந்தக் கன்சோல் போல வேஷம் போட வைக்கும் மென்பொருள். நம்மிடம் இருக்கும் டிஸ்கை அதில் ஏற்றி ஆடலாம்.

"அதுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வேணும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் புகார்ப் பிரிவில இருக்கேன்?"

போட்டி செப்டம்பர் 24. இன்னும் ஆறு வாரம். என் பட்ஜெட் பதினைந்தாயிரம், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. நான் அளவு இன்ஸ்பெக்டர். இதைக்கூட அளந்து வாங்கத் தெரியாதா என்ன?

ஆகஸ்ட் 13

இரண்டு நாளாக ஒரே படிப்பு. பிராசசர் என்பது ஒரு சமையலறை, கோர் என்பது ஒரு சமையல்காரன் என்று புரிந்துகொண்டேன். கோர் அதிகமானால் வேலை வேகமாகும். நல்லது. எண்ணக்கூடிய விஷயம் எனக்குப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 14

வாங்கிவிட்டேன்! சாந்தினி சந்தையில் நான்கு மணி நேரம். எல்லாக் கடையிலும் வண்ண விளக்கு எரியும் கிராபிக்ஸ் கார்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒருவனிடம், "ஆடப்போறவனுக்குக் கண் தெரியாதுப்பா" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப விளக்கில்லாத கார்டு காட்டட்டுமா?" என்றான். வியாபாரி!

கடைசியில் ஒரு சந்துக்கடையில் பெரிய கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட சர்வர் இயந்திரம் கிடைத்தது. பன்னிரண்டு கோர். மற்ற கடைகளில் இதே விலைக்கு நாலு கோர்தான் தருகிறார்கள். பன்னிரண்டு சமையல்காரர்கள்! டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவு கனம்.

ஆகஸ்ட் 16

ஓடவில்லை. ஓடுகிறது, ஆனால் நொண்டுகிறது. திரையின் மூலையில் எமுலேட்டர் வேகத்தைச் சதவீதத்தில் காட்டுகிறது: எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்தொன்று. சத்தம் கரகரவென்று உடைந்து உடைந்து வருகிறது. டோட்டன் அரை நிமிஷம் கேட்டான். "கழுதை பாட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றான்.

பன்னிரண்டு பேரும் உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

ஆகஸ்ட் 20

விற்றவன் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறான். கத்தினேன். பக்கத்துக் கடையில் இருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பெயர் ஷமீம். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கிச் சீர்செய்து விற்கிறார். டோட்டனும் கூட வந்திருந்தான்.

"என்ன வேலைக்கு வாங்குனீங்க மேடம்?"

சொன்னேன்.

"அடடா. பன்னிரண்டு பேர் சேர்ந்தா பல்லக்கு தூக்கலாம். ஊசியில நூல் கோக்கணும்னா ஒருத்தன் போதும், ஆனா அவன் கண்ணு கூர்மையா இருக்கணும்." சொல்லிவிட்டு டோட்டனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டோட்டன் சிரித்தான். "பரவாயில்ல பாய். நூலை நான் தடவியே கோத்துடுவேன்."

விஷயம் இதுதான். எமுலேட்டரின் வேலையில் பெரும்பகுதியை இரண்டு மூன்று கோர்களுக்கு மேல் பங்கு போட முடியாது. எத்தனை கோர் என்பது முக்கியமல்ல. ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. என் சர்வரில் பன்னிரண்டு பேரும் ஆமைகள். ஆபீசில் தினம் நூறு பேருக்குச் சொல்கிறேன், எண்ணிக்கை வேறு எடை வேறு என்று. நானே எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

ஷமீம் பாய் சர்வரை எடுத்துக்கொண்டு ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் தந்தார். நாலே கோர், ஆனால் ஒவ்வொன்றும் வேகம். மெமரியை ஒரே பட்டையாகப் போடாமல் இரண்டு பட்டையாகப் போட்டுக் கொடுத்தார், இரண்டு கையால் பரிமாறுவது போலாம். கிராபிக்ஸ் கார்டு?

"படத்தைச் சின்னதாவே விடுங்க. பிராசசர்ல இருக்கறதே போதும். தம்பி என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

மிச்சமான பணத்தில் டோட்டனுக்குத் தெரியாமல் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினேன். வயர் இல்லாதது. பழைய ஹெட்போனின் வயரை எலி கடித்துவிட்டது, ஸ்பீக்கரோ வெள்ளத்தில் நனைந்தது. இனி எலியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம்.

ஆகஸ்ட் 23

நூறு! மூலையில் நூறு சதவீதம், அசையாமல் நிற்கிறது. படம் வெண்ணெய் போல் வழுக்குகிறது. கரகரப்பு துளியும் இல்லை. டோட்டன் ஹெட்போனைத் தடவித் தடவிப் பார்த்தான். "மெத்து மெத்துன்னு இருக்கே தீதி. காதுக்குத் தலையணை!"

இன்று வீட்டில் கட்லா மீன் குழம்பு.

ஆகஸ்ட் 28

ஐந்து நாளாக ஆடுகிறான், எல்லா ஆட்டத்திலும் தோற்கிறான். கம்ப்யூட்டரின் கடைநிலை வீரனிடம்கூட. "லேட்டா வருது" என்கிறான். "அவன் அடிச்சு முடிச்சப்புறம்தான் எனக்குச் சேதி வருது." அந்தப் பழைய ஸ்பீக்கரில் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டான். அது நனைந்து இருமுகிறது, புதுசு இருக்கும்போது அதெதற்கு என்று மீட்டர் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்: நூறு சதவீதம். பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஒரு வாரம் போனால் சரியாகிவிடும்.

செப்டம்பர் 2

ஷமீம் பாயிடம் போய் இன்னும் வேகமான பிராசசர் மாற்றினேன். கைக்காசு போட்டேன். தலையைச் சொறிந்தார். "நூறு காட்டுச்சுன்னா முந்தினதே போதும் மேடம். இதுக்கு மேல போட்டா கரண்டு பில்லுதான் ஓடும்." கேட்கவில்லை.

நூறு. அதே நூறு.

"இப்ப?"

"அதே லேட்டு."

செப்டம்பர் 4

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேன். மூலையில நூறுன்னு காட்டுது, படம் வழுக்கிக்கிட்டு ஓடுது, இன்னும் என்னதான்டா வேணும் உனக்குன்னு கத்திட்டேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அந்த நூறை நான் எப்படித் தீதி பாக்கறது?"

அதோடு எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, காய்ந்த பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன். ஒருவேளை லால்ட்டு சொன்னதுதான் உண்மையோ? இவனுக்கு ஆடவே வராதோ? பழைய கன்சோலில் ஆடியதெல்லாம் யாரோ விட்டுக்கொடுத்ததோ? சீ. என் கையாலேயே இதை எழுதுகிறேன் பார்.

செப்டம்பர் 6

கிளப்பில் போய்ப் பெயரை அடித்துவிடச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. செயலாளர் போன் செய்து சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் ஒரே ஒரு தடவை பேசினான்: "கண்ணு போனப்ப பொறுத்துக்கிட்டேன். பாவம் பாத்து ஜெயிக்க வெச்சாங்கங்கறதை மட்டும் பொறுக்க முடியல."

பெயரை அடிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்?

செப்டம்பர் 12

ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் மேல் அவன் சட்டை காய்கிறது.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை. காலையில் ஆபீசில் எங்கள் பித்தளை எடைக்கற்களுக்கெல்லாம் சிந்தூரப் பொட்டு வைத்து வரிசையாக உட்கார வைத்தோம். இன்று அவற்றுக்கு ஓய்வு, யாரும் எதையும் நிறுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து டோட்டனின் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். உபயோகமில்லாவிட்டாலும் அதுவும் கருவிதானே.

மத்தியானம் மாடிக்குப் போனோம். வானம் முழுக்கப் பட்டம். எவன் பட்டமோ அறுந்தால் நாலு மாடியிலிருந்தும் "போ காட்டா!" என்று வெற்றிக் கூச்சல். டோட்டனுக்கு எந்த மாடியில் யார் என்று குரலிலேயே தெரியும், எனக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

தூரத்தில் பஸ் பட்டறை வாசலில் ஒருவன் தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தான். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ இடறியது. அவன் குச்சி தோலில் விழுகிறது, சத்தம் இல்லை. குச்சி மேலே போகும்போது சத்தம் வருகிறது. மறுபடி விழுகிறது, சத்தம் இல்லை, தூக்கும்போது 'டும்'.

"டோட்டா, அந்த மேளம் சரியா அடிக்குதா?"

"அருமையா அடிக்கறான். ஏன்?"

மேளக்காரனும் சரி. டோட்டனின் காதும் சரி. என் கண்ணும் சரி. வழியில்தான் நேரம் போகிறது. மொபைல் வரைபடத்தில் தூரம் பார்த்தேன், எழுபது மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சின்னத் துண்டே கண்ணுக்கு இவ்வளவு உறுத்துகிறதே!

வேகம் நூறு என்று நான் பார்த்ததெல்லாம் பெட்டியில். அவன் கேட்பது காதில். பெட்டிக்கும் காதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வயர் இல்லாத ஹெட்போன் இருக்கிறது.

படியில் ஓடினேன். சுவிட்சில் கை வைக்கும்போது டோட்டன் கீழே வந்துவிட்டான். "என்ன செய்யற? இன்னிக்கு அதுக்கு லீவு!"

"ஒரே நிமிஷம்டா."

"பொட்டு வெச்சது நீ. ஊர்ல எல்லாத் தராசையும் இன்னிக்குத் தொடாதேம்பே, இது மட்டும் தொடலாமா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். இன்று உடைந்தால் அவன் என்னை ஆயுசுக்கும் விடமாட்டான்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஆகஸ்ட் 28. அவன் வாயால் சொன்னதை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கலாமா. எழுதினேன், கேட்கவில்லை. இருபது நாள். ஒரு பிராசசர். ஒரு சண்டை.

எடைக்கல்லைச் சோதிப்பவள், ஆளின் பேச்சைச் சோதிக்காமலே தள்ளியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 18

ஆறு மணிக்கே மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஸ்பீக்கரை எடுத்து, ஒட்டடை தட்டி, வயரைச் செருகினேன். இருமியது. காச நோயாளி மாதிரி இருமியது. ஆனால்—

டோட்டன் பட்டனை அமுக்கினான். ஒரு குத்து. இன்னொரு குத்து. நிறுத்தினான்.

"வந்துடுச்சு தீதி."

"என்ன வந்துச்சு?"

"நேரம்."

கடைநிலை வீரனை நாற்பது நொடியில் படுக்க வைத்தான். அப்புறம் அவனுக்கு மேலே இருப்பவனை. நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன், அவனுக்குக் கேட்டிருக்கும்.

"அன்னிக்கே ஸ்பீக்கர்னு சொன்னியே, ஏன்டா மறுபடி சொல்லல?"

"ஆசையா வாங்கிட்டு வந்த. அதைக் குறை சொல்ற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன். அதுவுமில்லாம நீ நூறு நூறுன்னு சொல்லச் சொல்ல எனக்கே என் காது மேல சந்தேகம் வந்துடுச்சு."

செப்டம்பர் 19

ஷமீம் பாயிடம் போய் வயர் ஹெட்போன் வாங்கினேன். கதையைக் கேட்டு மேஜையில் தட்டிச் சிரித்தார். "நாற்பது வருஷம் இந்தச் சந்தையில இருக்கேன் மேடம். நானும் பெட்டியையேதான் பாத்தேன், அவர் காதுல என்ன மாட்டியிருக்கார்னு கேக்கவே இல்ல." வேகமான பிராசசரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பழையதையே போட்டுக் கொடுத்தார். அதுவே தாராளம்.

டோட்டன் மூன்று மணி நேரமாக ஆடுகிறான். போட்டிக்கு ஐந்து நாள்.

செப்டம்பர் 20

தெரியாமலே இருந்திருக்கலாம்.

போட்டிக்கு முன்னால் ஒத்திகையாகக் கம்ப்யூட்டரைக் கிளப்புக்குத் தூக்கிப்போய், அங்கே இருக்கும் பெரிய டிவியில் செருகினேன். தாமதத்தை அளக்கும் பைத்தியம் இப்போது எனக்குத் தலைக்கேறியிருக்கிறது. வீட்டுத் திரையையும் டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே ஆட்டத்தை ஓடவிட்டு, மொபைலில் படம் பிடித்து மெதுவாக்கிப் பார்த்தேன்.

டிவி பின்தங்கி வருகிறது. படத்தை அழகாக்கிக் காட்டுவதற்காக ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் பிடித்து வைத்து மெருகேற்றி அனுப்புகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த டிவி வாங்கி இரண்டு வருஷம். டோட்டன் ஜெயிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம். அவன் ஹெட்போனைக் கன்சோலிலிருந்து நேராக எடுத்துக்கொள்வான். மற்ற எல்லாரும் டிவியைப் பார்த்து ஆடினார்கள். இரண்டு வருஷமும் லால்ட்டு ஒரு அடி தாமதமாகத்தான் பார்த்திருக்கிறான்.

ரிமோட்டில் விளையாட்டுக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் மெருகேற்றல் நின்று, படம் உடனே வருகிறது. அமுக்கிப் பார்த்தேன். பழையபடி மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியவும் போவதில்லை. தட்டுக்கு அடியில் காந்தம், என் தம்பிக்காக. அந்த மீன்காரனைப் போல நானும் சொல்லிக்கொள்ளலாம், வாங்கும்போதே இருந்தது என்று.

செப்டம்பர் 21

காலையில் சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரி வயிற்றில் வைத்துக்கொண்டிருந்ததே அதிகம்.

"எவ்வளவு?"

"பத்துல ஒரு பங்கு நொடி. கொஞ்சம் கூடவே."

"அது ஜாஸ்தி." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "ரெண்டு வருஷமும்?"

"ரெண்டு வருஷமும்."

"அப்ப லால்ட்டு விட்டுக்கொடுக்கல. டிவிதான் விட்டுக்கொடுத்திருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நல்லா இருக்கு தீதி. ஒரு மனுஷன் பாவம் பாத்தான்னு நெனச்சேன். கடைசியில ஒரு டிவி."

வேலைக்குப் போகும்போது டிபன் டப்பாவை எடுத்துப் போகவில்லை.

செப்டம்பர் 22

ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பட்டனை அமுக்கிடு. ஆனா கிளப்புல நான்தான் சொல்வேன். நீ வாயத் தொறக்காதே."

செப்டம்பர் 23

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் நிறுத்தச் சொல்லி, டோட்டன் நடுவில் நின்று சொன்னான். டிவி இப்படி, என் ஹெட்போன் இப்படி, ரெண்டு வருஷமா எனக்குச் சாதகமா இருந்திருக்கு, எனக்கும் தெரியாது, நாளைக்கு இருக்காது.

பிறகு லால்ட்டுதான் எழுந்தான். முகம் சிவந்திருந்தது, அடிக்கப் போகிறானோ என்று நினைத்தேன்.

"நான் சொன்னேனா இல்லியா? ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன், அமுக்கினா லேட்டா போகுதுன்னு! ஒருத்தன் நம்பினானா? ஆடத் தெரியாதவன் பட்டனைக் குறை சொல்றான்னு சிரிச்சீங்க! ரூபா தீதி, நீங்களும் சிரிச்சீங்க!"

சிரித்திருப்பேன். நினைவில்லை.

"அப்ப விட்டுக்கொடுத்தேன்னு சொன்னது?" என்றான் டோட்டன்.

லால்ட்டு தரையைப் பார்த்தான். "கண்ணு தெரியாதவர்கிட்ட ரெண்டு தடவை நெஜமா தோத்தேன்னு சொல்றதுக்கு, விட்டுக்கொடுத்தேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க டோட்டன்தா."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். நாளைக்கு வா, உதைக்கறேன்."

எல்லார் முன்னாலும் நான் பட்டனை அமுக்கினேன். லால்ட்டு இரண்டு குத்து விட்டுப் பார்த்தான். "அம்மாடி" என்றான்.

செப்டம்பர் 24

இறுதி ஆட்டம், ஐந்து சுற்று. டோட்டன், லால்ட்டு, டோட்டன், லால்ட்டு. ஐந்தாவதில் இருவருக்கும் ஒரே ஒரு அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். எனக்கு இப்போது எந்தப் பக்கம் யார் என்று தெரிகிறது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். லால்ட்டு முந்திக்கொண்டான்.

தோற்றுவிட்டான் என் தம்பி.

லால்ட்டு துள்ளிக் குதித்ததில் பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து, தேநீர் குடித்த மண் கோப்பைகள் உருண்டு உடைந்து கிடந்தன. கிளப்பைச் சுற்றி மூன்று தடவை ஓடினான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது.

நடந்து வரும்போது டோட்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

செப்டம்பர் 25

மஹாளயா. விடியற்காலை நாலு மணிக்கு ரேடியோவில் தேவி துதி கேட்டுவிட்டுத் தின்பண்டம் எடுக்க எழுந்தேன். டோட்டன் இருட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"அந்த நாற்காலி விழுந்த சத்தம் கேட்டியா தீதி?"

"கேக்காம? பைத்தியக்காரன்."

"ரெண்டு வருஷமா ராத்திரி பகல் இதையே நெனச்சுட்டு இருந்திருக்கான். பாவம்னு நெனச்ச ஆளை ஜெயிச்சா எவனாவது நாற்காலிய ஒடைப்பானா?"

கன்னத்தைத் தடவிக்கொண்டு மறுபடி சிரித்தான். "ஒடைஞ்சுதா, விழுந்துச்சா?"

"ஒரு கால் ஒடைஞ்சுது."

"நல்லது" என்றான்.

அக்டோபர் 1

சஷ்டி, பூஜையின் முதல் நாள். தெருவெல்லாம் மேளம். மூன்று நாளாக லால்ட்டு சாயங்காலம் ஆனால் இங்கே வந்துவிடுகிறான். கண்ணில் கம்சாத் துண்டைக் கட்டிக்கொண்டு, நான் வாங்கிய இன்னொரு வயர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டோட்டனோடு காதாலேயே ஆடுகிறான். இதுவரை பதினேழு ஆட்டம், பதினேழும் தோல்வி. இன்று கோபத்தில் எழுந்த வேகத்தில் எங்கள் வீட்டு நாற்காலியும் சாய்ந்தது.

"விட்டுக்கொடுக்கட்டுமா?" என்று கேட்டான் டோட்டன்.

"கொன்னுடுவேன்" என்றான் லால்ட்டு.